தொட்டில் வேலைநிறுத்தமும் ஒரு தப்பான இணைப்பும்

பல் செட் செய்கிறவர்களுக்கு வேலையில் பாதி காத்திருப்பதுதான். சாந்து மாவைக் கரைத்து அச்சில் ஊற்றினால் இறுகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மெழுகை உருக்கினால் ஆறும்வரை நிற்க வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் கடைவாய்ப்பல் உடைந்து கையோடு வரும். மற்றவர்கள் அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், ஊர்வம்பு பேசுவார்கள். பல்லக்கா அன்னப்பறவைகளை விரட்டிக்கொண்டிருப்பாள்.

பல்லக்கா என்பது தெரு வைத்த பெயர். பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், ஒற்றை ஜன்னல் அறையில், ஊராருக்குப் பல் கட்டிக் கொடுப்பவள். சுவரோரத் தட்டுகளில் மாவுத் தாடைகள் வாயைப் பிளந்தபடி வரிசையாக இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு ஏதோ பொதுக்கூட்டம் நடப்பதுபோலத் தோன்றும்: எல்லோரும் பேசுகிறார்கள், கேட்பவர் ஒருவரும் இல்லை.

அன்னப்பறவை விஷயம் இது. இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற ஒரு கலைக்களஞ்சியம் உண்டு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். கட்டுரையில் நீல எழுத்தில் இருக்கிற சொல்லைத் தொட்டால் அந்தச் சொல்லுக்கான பக்கம் திறக்கும். இணைப்பு கொடுக்கிறவர்களில் பலர், தொட்டால் எது திறக்கிறது என்று பார்க்க மெனக்கெடுவதில்லை. 'அந்த வள்ளல் ஏழைகளுக்கு அன்னம் வழங்கினார்' என்ற வரியில் அன்னத்தைத் தொட்டால், நீளக் கழுத்தோடு ஒரு வெள்ளைப் பறவை நீந்தி வரும். வரிசையில் நின்ற ஏழைகளுக்கு வள்ளல் ஆளுக்கொரு பறவையைக் கொடுத்து அனுப்பியதாக ஆகிவிடும். 'வேங்கை நிழலில் இளைப்பாறினார்கள்' என்ற இடத்தைத் தொட்டால் புலி உறுமும். இப்படி வழிதப்பிய இணைப்புகளைப் பிடித்து, உரிய வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் பல்லக்காவின் பொழுதுபோக்கு.

அவள் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு சொந்தக் கோபத்தில்தான். மாவு சீக்கிரம் இறுகுகிறதே என்று காரணம் தேடப் போனவள், சாந்து என்ற சொல்லைத் தொட்டாள். நெற்றியில் வைக்கிற சாந்துப் பொட்டு வந்து நின்றது. "பொட்டை வெச்சா சுவர் எழுப்புவாங்க?" என்று தாடைகளிடம் கேட்டுவிட்டு, உட்கார்ந்து திருத்தினாள். அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம். 'கடைவாய்ப்பல்' என்று பயனர் பெயர் வைத்துக்கொண்டாள். அவள் தொழிலில் படித்த பாடம் ஒன்று உண்டு: ஒரே மாதிரி தெரிகிற பல்லெல்லாம் ஒரே வாய்க்குப் போகாது. அவளுக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் இரண்டு செட்டை மாற்றிக் கொடுத்துவிட, ஒரு தலைமைக் குமாஸ்தாவும் ஒரு தையல்காரரும் ஒரு வாரம் அடுத்தவர் சிரிப்பைச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள்.

வீட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிர்க்கட்சி அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. கல்யாணமே வேண்டாம் என்று நூற்பாலையில் நூல் இழுத்து, ஆலை மூடியபின் தம்பி வீட்டில் வந்து தங்கியவள். வாய் என்றால் அப்படி ஒரு வாய்.

"ஏண்டி பல்லுக்காரி, சம்பளம் உண்டா இதுக்கு?"

"இல்ல அண்ணி."

"பேராவது போடுவாங்களா?"

"கடைவாய்ப்பல்னு போடுவாங்க."

"நல்லா இருக்கு. வாயில இருந்தாலும் வெளிய தெரியாது, இணையத்துல இருந்தாலும் வெளிய தெரியாது. என் தம்பிக்குன்னு தேடிப் பிடிச்சேன் பாரு!"

தம்பி எனப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து மின்விசிறியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார். இரண்டு பெண்களுக்கு நடுவே பேசாமல் இருப்பதை ஒரு கலையாகவே பயின்றவர்.

நாத்தனாரின் பல் செட்டும் பல்லக்கா செய்ததுதான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி நுழையும் சந்து இருக்கும். "ஊருக்கெல்லாம் முத்துக் கோத்த மாதிரி வெச்சுக் குடு. எனக்கு நான் பொறந்த சந்தோட குடு. அது இல்லேன்னா கண்ணாடியில யாரோ ஒருத்தி சிரிக்கிறா" என்று சண்டை பிடித்து வாங்கிக்கொண்டாள். அந்த செட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. மனம் புண்பட்டால் நாத்தனார் அழமாட்டாள், கத்தமாட்டாள். பல்லைக் கழற்றித் தம்ளரில் போட்டுவிடுவாள். பேச்சுவார்த்தை முடிந்தது என்று பொருள்.

ஒரு திங்கட்கிழமை காலை தம்ளரில் பல் கிடந்தது.

மேசையில் செய்தித்தாள் விரிந்திருந்தது. மூடிக் கிடந்த நூற்பாலையின் ஒரு கூடத்தை அருங்காட்சியகமாக்குகிறார்களாம். வாசலில் கல்வெட்டு ஒன்றும் திறக்கிறார்களாம். கல்வெட்டில் வரப்போகும் வாசகத்தைப் பத்திரிகை அப்படியே போட்டிருந்தது. நாத்தனாரின் பெயர் பெரிதாக மேலே இருந்தது. அதன் கீழே, 'தாயுள்ளம் கொண்ட இவர் ஆலைப் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் கிடைக்கப் பாடுபட்டார்.' அதற்கும் கீழே, கடைசி வரியாக, 'ஆலை அதிபரின் துணைவியார்.'

பல்லக்கா இரண்டு முறை படித்தாள். நாத்தனார் அதிபருக்கு எப்போது துணைவி ஆனாள்?

ஆலையில் பெண்கள் கைக்குழந்தைகளை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வேலைக்கு வந்த காலம் அது. குழந்தைகளை வைத்துக்கொள்ள ஓர் அறை கேட்டார்கள். பஞ்சு மூட்டைக்கு அறை இருந்தது, பிள்ளைக்கு இல்லை என்றார்கள். ஒரு காலையில் பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு, ஆலையின் இரும்புக் கதவிலேயே துணித்தொட்டில்களைக் கட்டினார்கள். கதவு நிறையப் பிள்ளைகள். திறந்தால் பிள்ளைகள் ஆடும், மூடினாலும் ஆடும். அதிபரின் கார் உள்ளே போக முடியவில்லை. அந்தத் தொட்டில் வேலைநிறுத்தத்தை முன்னால் நின்று நடத்தியவள் நாத்தனார். அதிபர் காரிலிருந்து இறங்கி, "உனக்குத்தான் பிள்ளையே இல்லையே, உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டாராம். "உங்களுக்குக்கூடத்தான் பசியில்ல. மூணு வேளை சாப்பிடலையா?" என்றாளாம் இவள். அறை கிடைத்தது. அவளுக்கு ஆறு மாத இடைநீக்கமும் கிடைத்தது.

அதிபரின் மனைவிக்கும் அதே பெயர். அந்தக் காலத்தில் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு வாசலில் தலை எட்டிப் பார்க்கும். பெயருக்கு ஏழை பணக்காரர் தெரியாது. பெயரைப் படிக்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது.

பல்லக்கா தொழில்காரி. பார்த்தவுடன் புரிந்தது. வேலைக்குப் போய் மாவை ஊற்றியதும், வேலைநிறுத்தம் பற்றிய கலைக்களஞ்சியப் பக்கத்தைத் திறந்தாள். கல்வெட்டு வாசகம் வார்த்தை மாறாமல் அங்கே இருந்தது. பெயரைத் தொட்டாள். நகைகளோடும் பட்டோடும் அதிபரின் மனைவி வந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் அங்கே ஒரு வரலாறு உண்டு. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும். முதலில் அந்தப் பெயர் வெறும் பெயராகத்தான் இருந்திருக்கிறது. பிறகு 'மின்னல்' என்ற பயனர், இணைப்புகளை மொத்தமாக மாற்றுகிற கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, அதே பெயர் வந்த இடத்தையெல்லாம் ஒரே வீச்சில் அதிபரின் மனைவிக்குக் கட்டியிருக்கிறார். அதே ஆலை, அதே பெயர், அப்புறம் என்ன யோசனை? அதற்கு அப்புறம் வந்த வேறொரு நல்லவர் இணைப்பைத் தொட்டுப் பார்த்து, 'ஓகோ, அதிபரின் மனைவியா!' என்று வியந்து, 'தொழிலாளி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'துணைவியார்' என்று எழுதி, தாயுள்ளத்தையும் சேர்த்திருக்கிறார். இணைப்பு தப்பாகப் போனதால் வாசகமும் அதன் பின்னாலேயே போயிருக்கிறது. அருங்காட்சியகக்காரர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். கல் வந்துவிட்டது.

சதி என்று சொல்ல ஒன்றுமில்லை. சதி செய்ய ஆள் தேவைப்படாத அளவுக்கு நம் மூளைகள் பழக்கப்பட்டிருக்கின்றன. ஒரு பெண் கதவை மறித்து உரிமையை வாங்கினாள் என்றால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஒரு பணக்காரப் பெண் மனமிரங்கிக் கொடுத்தாள் என்றால் உடனே கல்லில் வெட்டத் தோன்றுகிறது.

திருத்துவதற்கு விரல் போனது. பாதியில் நின்றது.

அந்தக் களஞ்சியத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரரைப் பற்றிய வரியில் சொந்தக்காரர் கை வைக்கக் கூடாது. பக்கத்தின் பின்னால் இருக்கிற உரையாடல் பக்கத்தில் முறையிடலாம், அவ்வளவுதான். பல்லக்காவே எத்தனையோ பேரை இந்த விதியைக் காட்டி அடக்கியிருக்கிறாள். மாமனாரை மகாகவி ஆக்க வந்த மருமகன்கள், தன்னைத்தானே மேதை ஆக்கிக்கொள்ள வந்த மேதைகள். இப்போது விதி அவள் வாசலில் வந்து நின்றது.

உரையாடல் பக்கத்தில் எழுதினாள்: 'இந்தப் பெயர் தவறான ஆளுக்கு இணைக்கப்பட்டுள்ளது. வேலைநிறுத்தத்தை நடத்தியவர் என் நாத்தனார். உறவு இருப்பதால் நான் திருத்தவில்லை. யாராவது திருத்துங்கள்.'

மாவு இறுகுவதற்குள் மின்னல் பதில் போட்டுவிட்டார்: 'சான்று?'

'என் நாத்தனாரே சான்று. உயிரோடு இருக்கிறார்.'

'வாய்ச்சொல் சான்று ஆகாது. அச்சில் வந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா, கடைவாய்ப்பல்?'

தெரியும். அதனால் அச்சில் வந்தது ஏதாவது உண்டா என்று தேடினாள். வேலைநிறுத்தப் பக்கத்தில் ஒரு பழைய பத்திரிகைப் படம் இருந்தது. தொட்டில் கதவுக்கு முன்னால் வாயைத் திறந்து முழக்கமிடும் ஒரு பெண். பெரிதாக்கிப் பார்த்தாள். முன்பற்களுக்கு நடுவே தீக்குச்சிச் சந்து. மின்னலுக்கு எழுதினாள்: 'படத்தில் இருப்பவரின் பற்களைப் பாருங்கள். இந்த இடைவெளியை என் கையால் செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கு அடையாளம் தெரியும்.'

பதில்: 'இது சொந்த ஆய்வு. களஞ்சியத்தில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஆனால் ஆய்வு பிரமாதம்.'

மத்தியஸ்தம் செய்கிற நிர்வாகி ஒருவர், 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர், நடுவில் வந்து, 'இருவரும் நாகரிகமாகப் பேசுவது மகிழ்ச்சி' என்று எழுதிவிட்டுப் போனார்.

பல்லக்கா மாலையில் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். பல் இன்னும் தம்ளரில்தான் இருந்தது. நாத்தனார் கட்டிலில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். மின்னலின் பதில்களை வரிவரியாகப் படித்துக் காட்டினாள்.

நாத்தனார் எழுந்து, தம்ளரிலிருந்து பல்லை எடுத்து, மாட்டிக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல்தான்.

"அப்போ உயிரோட குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறவ சாட்சி இல்ல. காகிதத்துல வந்தாத்தான் சாட்சி?"

"ஆமா அண்ணி."

"நான் இருக்கேனா இல்லையாங்கறதுக்கே சான்று கேப்பாங்க போல இருக்கே!"

"விதி அப்படி. எனக்கும் அது சரின்னுதான் படுது. இல்லேன்னா ஆளாளுக்கு வந்து நான்தான் நிலாவைக் கண்டுபிடிச்சேன்னு எழுதுவான்."

"விதி சரிதான். நம்ம தரப்புல ஒன்னுமில்லேன்னா எதிர்த்தரப்பைக் கிண்டணும். சங்கத்துல முதல் பாடமே அதுதான். அந்தம்மா பக்கத்தைப் படிச்சியா?"

பல்லக்கா விழித்தாள். படிக்கவில்லை. நகையையும் பட்டையும் பார்த்த கோபத்தில் அப்போதே மூடியிருந்தாள். இருபது வருஷமாக ஊரார் வாயைத் திறந்து பார்க்கிறவள், இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

"படி. சத்தமா படி."

பல்லக்கா படித்தாள். பிறந்த ஊர், கல்யாணம், கட்டிய மண்டபங்கள், பெற்ற பட்டங்கள்...

"அதெல்லாம் இருக்கட்டும். எப்போ போய்ச் சேர்ந்தாங்கன்னு போட்டிருக்கா? ஏன்னா அந்தம்மா இறந்த அன்னைக்கு ஆலைக்கு அரைநாள் லீவு விட்டான். லீவு விட்டுட்டு அரைநாள் கூலியையும் பிடிச்சான். அந்தச் சண்டையிலதான் நான் சங்கத்துலயே சேர்ந்தேன். தொட்டிலெல்லாம் அதுக்கு அப்புறம்."

பல்லக்கா இறப்பு வரியைப் பார்த்தாள். பக்கத்தில் சான்றும் இருந்தது: அதிபரே அச்சிட்ட நினைவு மலர். வேலைநிறுத்தப் பக்கத்தின் ஆண்டைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் மல்லாந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தாள். மின்விசிறியோடு உள்ளே வந்த கணவர் பயந்துபோனார்.

"என்ன ஆச்சு?"

"உங்க அக்கா வேலைநிறுத்தத்தை நடத்துறதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே அந்தம்மா செத்துட்டாங்க!"

அவர் சற்று யோசித்தார். "அப்போ கதவுல தொட்டில் கட்டினது யாரு, ஆவியா?" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

உரையாடல் பக்கத்தில் பல்லக்கா எழுதியது இதுதான்: 'மின்னல் அவர்களே, சான்று கேட்டீர்கள். உங்கள் இணைப்பின்படி ஒரு பெண்மணி, இறந்து இரண்டு ஆண்டு கழித்து எழுந்து வந்து, சொந்தக் கணவரின் ஆலைக் கதவில் தொட்டில் கட்டி, அவர் காரையே மறித்திருக்கிறார். இறந்த தேதிக்குக் கணவரே சான்று. நான் பகுத்தறிவுக்காரி, ஆவிகளை நம்புவதில்லை. களஞ்சியத்தின் கொள்கை என்ன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.'

முதல் தடவையாக மின்னலின் பதில் தாமதமானது. பிறகு வந்தது: 'ஐயோ. என் கை வேகம். மன்னியுங்கள். இணைப்பை அந்த அம்மாவிடமிருந்து பிரித்துவிட்டேன், துணைவியாரையும் தாயுள்ளத்தையும் நீக்கிவிட்டேன், தொழிலாளி திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு ஒரே வீச்சில் மாற்றிய மற்ற எல்லாவற்றையும் இப்போது ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறேன். ஒரு மல்யுத்த வீரர் மேல் ஒரு ரயில் நிலையத்தைக் கட்டியிருக்கிறேன்.'

பெயர் இப்போது சிவப்பில் தெரிந்தது. அந்தப் பெயருக்கு இன்னும் பக்கம் எழுதப்படவில்லை, யாராவது எழுதுங்கள் என்று அந்த நிறத்துக்கு அர்த்தம்.

களஞ்சியம் திருந்திவிட்டது. கல் திருந்தவில்லை. அதற்கு மறுநாள் காலை திறப்பு விழா.

விடிந்ததும் மூன்று பேரும் ஆலை வாசலுக்குப் போனார்கள். கல் திரைக்குப் பின்னால் நின்றது; பக்கத்தில் பட்டும் நகையுமாக ஒரு படம். அருங்காட்சியகச் செயலாளர் வியர்வையைத் துடைத்தபடி அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். பல்லக்கா கைபேசியில் இரண்டு பக்கங்களையும் காட்டினாள். அவர் படித்தார், முகம் வெளுத்தது.

"அம்மா, தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா கல்லாச்சே! காகிதமா, அடிச்சு எழுத? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க. பெயர் சரியாத்தானே இருக்கு, ஒரே பெயர்தானே? அப்புறமா மாத்திக்கலாமே?"

"தம்பி, இந்த 'அப்புறமா'வைத்தான் நாங்க இந்தக் கதவுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் கேட்டோம்," என்றாள் நாத்தனார். "கல்லு வெட்டினவர் எங்கே?"

கல்தச்சர் ஓரமாக உட்கார்ந்து உளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாத்தனார் திரையை விலக்கிக் கல்லை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்ப்பா, எழுத்தை அழிக்க முடியுமா?"

"அழிச்சா குழி தெரியும்மா. அசிங்கமா இருக்கும்."

"அழிக்க வேணாம். கடைசி வரி கீழேதானே இருக்கு? அறுத்து எடுத்துடேன். சட்டை நீளமா இருந்தா கீழேதானே வெட்டுவாங்க?"

கல்தச்சர் அவளைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பெரிதாகச் சிரித்தார். "இது எனக்குத் தோணலையே!" என்று அறுவை எந்திரத்தை எடுத்தார்.

"அந்தத் தாயுள்ளம்?" என்றாள் பல்லக்கா.

"இருந்துட்டுப் போகட்டும்டி. கதவு நிறையத் தொட்டில் கட்டினவளுக்கு அதுகூட இல்லாமலா இருக்கும்?"

எந்திரம் கத்தியது, கல்தூள் பறந்தது. 'ஆலை அதிபரின் துணைவியார்' தனித் துண்டாகப் புல்லில் விழுந்தது. செயலாளர் படத்தைத் தானே கழற்றி உள்ளே கொண்டுபோனார். வரும்போது பழைய பத்திரிகைப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுவந்தார். தீக்குச்சிச் சந்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

கூட்டம் சேர்ந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைகளில் சிலர் நரைத்த தலையோடு வந்திருந்தார்கள். திரையை இழுக்க ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. அவர் வரத் தாமதமாகவே, "இருக்கிறவங்க இழுங்க" என்று கூட்டமே சொல்ல, நாத்தனார் இழுத்தாள். பேசச் சொன்னார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் குறித்துக்கொண்டார்.

"இந்தக் கல்லு கொஞ்சம் குட்டையா இருக்கேன்னு பார்க்காதீங்க," என்றாள். "இப்பதான் சரியான அளவு."

கூட்டம் கலைந்தபோது ஒரு பருத்த மனிதர் மெல்ல மெல்ல நடந்து வந்தார். படி ஏற மூச்சு வாங்கியது. பல்லக்காவின் முன் நின்று கும்பிட்டார்.

"கடைவாய்ப்பல்தானே? நான் மின்னல்."

பல்லக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா!"

"பள்ளிக்கூட வேன் ஓட்டறேன். முப்பதுக்கு மேல போகவே கூடாதுன்னு கட்டுப்பாடு. அந்த வேகத்தையெல்லாம் சேர்த்துவெச்சு அங்கே காட்டிடறேன்," என்றார் பரிதாபமாக. நாத்தனார் சிரித்த சிரிப்பில் அவரும் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் செய்தித்தாளில் விழா வந்தது. பெயர், வேலை, வேலைநிறுத்தம் எல்லாம் அச்சில். அதாவது சான்று. அன்று மத்தியானம் பல்லக்கா மாவை ஊற்றிவிட்டுத் திறந்தபோது, சிவப்பு நீலமாகியிருந்தது. மின்னல் பக்கம் எழுதிவிட்டார். சாயங்காலம் வீட்டில் அதை வரிவரியாகப் படித்துக் காட்டினாள். நாத்தனார் கண்ணை மூடிக் கேட்டாள். ஓர் இடத்தில் கண்ணைத் திறந்தாள்.

"என்னது, எந்த வருஷம் பொறந்தேன்னு போட்டிருக்கு?"

பல்லக்கா திரும்பப் படித்தாள். பத்திரிகைக்காரர் வயதை நான்கு வருஷம் குறைத்து எழுதியிருந்தார். மின்னல் அதிலிருந்து கணக்குப் போட்டிருந்தார்.

"தப்பாச்சே அண்ணி. உரையாடல் பக்கத்துல எழுதிடட்டுமா?"

நாத்தனார் எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போனாள். தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். தீக்குச்சிச் சந்து தெரியச் சிரித்தாள்.

"அச்சுல வந்திருக்கில்ல?"

"வந்திருக்கு."

"நான் சொல்றது வெறும் வாய்ச்சொல்லு. நீ சொந்தக்காரி. ரெண்டு பேரும் கை வைக்கக் கூடாது. விதின்னா விதிதான்டி."